சித்தன்னவாசலில் கேட்ட 'ங்க'

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் பக்கமாகச் சுமார் 16 கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கும் சகோதரிகளுக்கு முதலில் ஒரு வார்த்தை: காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாறை தோசைக்கல்லாய்க் காயும். தண்ணீரும் நீர்மோரும் மறக்க வேண்டாம்.

பார்க்க வேண்டியவை இரண்டு. குன்றின் மேலே ஏழடிப்பட்டம். பாறையில் கால் வைத்து ஏற ஏழு குழிகள் வெட்டியிருப்பதால் அந்தப் பெயர். குகைக்குள் சமணத் துறவிகள் படுத்த 17 கல் படுக்கைகள், தலை வைக்க மேடு சகிதம், வழவழவென்று இருக்கின்றன. ஒன்றில் சுமார் 2,000 ஆண்டுப் பழமையான தமிழ் பிராமி எழுத்து.

இன்னொன்று, பாறையைக் குடைந்த அறிவர் கோயில். 9-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இங்கே திருப்பணி செய்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. நிமிர்ந்து பார்த்தால் விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மீனும் பறவையும் எருமையும் யானையும், நடுவே பூப்பறிக்கும் ஆட்களும்! முன் தூண்களில் ஆடும் பெண்கள். அந்த இடுப்பு ஒயிலைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் பாதிக்கு மேல் மங்கிப் போய்விட்டது. காலம் அழித்தது போக, மனிதர்கள் தொட்டும் கீறியும் கெடுத்ததும் உண்டு.

அதனால்தான் அங்கே கால் வைத்ததும் காதில் விழுவதெல்லாம் கட்டளையாகவே இருக்கிறது. "தொடாதே!" "தொடாதீங்க!" "சாயாதீங்க!"

எங்களோடு வந்த நாத்தனார் மகள் கல்லூரியில் ஸ்பானிஷ் மொழி படிக்கிறாள். "அத்தை, அங்கேயும் இதே கதைதான்" என்று ஆரம்பித்துவிட்டாள். நெருங்கியவரிடம் 'பார்' என்பதற்கு 'மிரா'. மரியாதைக்குரியவரிடம் 'மிரே'. கடைசி எழுத்து 'ஆ'விலிருந்து 'ஏ' ஆனால் மரியாதை வந்துவிடுகிறது. சில வினைகளில் இதுவே தலைகீழ்: 'சாப்பிடு' என்பது 'கோமே', 'சாப்பிடுங்கள்' என்பது 'கோமா'. 'தொடாதே' என்றால் 'நோ தோக்கேஸ்', 'தொடாதீர்கள்' என்றால் 'நோ தோக்கே'. அறிவிப்புப் பலகையில் மட்டும் யாரையும் முன்னிலைப்படுத்தாமல் 'நோ தோக்கார்' என்று எழுதிவிடுவார்களாம்.

நம் தமிழிலும் அப்படித்தானே? வினையின் பகுதியே ஒருமைக் கட்டளை: பார், எடு, உட்கார். 'உங்கள்' சேர்த்தால் மரியாதை: பாருங்கள், எடுங்கள். 'வா' மட்டும் 'வாருங்கள்' ஆகி, பேச்சில் 'வாங்க' என்று சுருங்குகிறது. வேண்டாம் என்று சொல்ல 'ஆதே', 'ஆதீர்கள்'. பலகையில் எழுத, 'வரிசையில் செல்லவும்' என்பதில் வருகிற 'அவும்'. போதாததற்கு 'வாயேன்', 'வாம்மா', 'கொஞ்சம் வர்றீங்களா?' என்று கட்டளையில் சர்க்கரை தூவவும் நமக்குத் தெரியும்!

ஸ்பெயினில் அல்தாமிரா என்ற குகை இருக்கிறது. 1879-ல் அங்கே தந்தையோடு போன மரியா என்ற சின்னப் பெண்தான் கூரையிலிருந்த ஓவியங்களை முதலில் கவனித்தாள். "மிரா, பப்பா!" என்று கூவினாளாம். "அப்பா, பாரு!" ஒருமைதான். பின்னால் கூட்டம் பெருகி, வருகிறவர்களின் மூச்சுக் காற்று பட்டே ஓவியங்கள் கெட ஆரம்பித்ததால் 1977-ல் குகையை மூடினார்கள். பிறகு திறந்து, 2002-ல் மறுபடி மூடினார்கள். இப்போது பெரும்பாலோர் பார்ப்பது, பக்கத்தில் 2001-ல் திறந்த மாதிரிக் குகையைத்தான். நமக்கு இன்னும் அசலையே பார்க்கக் கிடைக்கிறது. அதைக் காப்பாற்றுவது நம் பிள்ளைகளின் கையில், கையின் அடக்கத்தில்.

அங்கே ஒரு சிறுவன் தூணை நோக்கிக் கையை நீட்டினான். "டேய், எடுடா கையை!" என்று அவன் அப்பா அதட்டினார். பையன் இந்தத் தூணை விட்டு அடுத்த தூணுக்குப் போனான். வயதான காவலாளி அவன் உயரத்துக்குக் குனிந்து, "தம்பி, தொடாதீக. ஆயிரம் வருசத்துப் படம். கண்ணால பாருங்க" என்றார். பையன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்! பெரியவர் தனக்கு 'ங்க' போட்டது அவனுக்கு அவ்வளவு பெருமை.

சற்று நேரத்தில் வந்த இளைஞர் கூட்டம் அதே பெரியவரிடம், "யோவ், டார்ச்சை இங்க அடி" என்றது. அவரும் அடித்தார். என் சின்ன மகன் கேட்டான்: "அவர் எல்லாருக்கும் 'ங்க' போடறாரே, அவருக்கு ஏம்மா யாரும் போடலை?"

சுருக்கென்றது. நம் வீட்டுக்கு வரும் பால்காரருக்கும், பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கும் யார் 'ங்க' போடுகிறார்கள்? பல வீடுகளில் அப்பாவுக்கு 'வாங்க', அம்மாவுக்கு 'வா'. குழந்தை பாசத்தில் சொல்லும் 'வா' தேனாய் இனிக்கும். கடவுளையே நாம் 'வா' என்றுதானே கூப்பிடுகிறோம்! ஆனால் அதே ஒருமை, கூலி வாங்குகிறவர் என்பதால் வந்தால் அது பாசமில்லை, இளக்காரம். அந்த வித்தியாசத்தைக் குழந்தை எந்த இலக்கணப் புத்தகத்திலும் படிக்காது. நாம் பேசுவதைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ளும்.

ஆகவே சித்தன்னவாசல் போகும்போது மோர்ப் பாத்திரத்தோடு இதையும் எடுத்துச் செல்லுங்கள்: வயதில் மூத்த யாரிடமும், அவர் என்ன வேலை செய்தாலும், 'ங்க' போடச் சொல்லிக் கொடுங்கள். தூணருகே போகுமுன் பிள்ளையின் கையைப் பிடித்து, "கண்ணா, கண்ணால் மட்டும் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அதட்டாமலே கை தானாகப் பின்னுக்குப் போகும்.