கைகூப்பிய படம்

வைகறையில் நீராடி, திருக்கோவலூர்த் திருவிக்கிரமப் பெருமானை மனத்தால் சேவித்த பின்னரே பிற காரியம் பார்ப்பது அடியேனின் நெடுநாள் வழக்கம். அண்மைக் காலமாக அதற்கு முன்பே கை அலைபேசியை நாடிவிடுகிறது. முகநூலில் திருவரங்கம், திருமலை, அண்ணாமலை என அலங்காரங்கள் விரலடியில் ஓடும். ஒவ்வொன்றுக்கும் கைகூப்பிய படம் ஒன்றை இட்டுவிட்டு நகர்வேன். பக்திதானே என்று சமாதானமும் உண்டு.

கடந்த ஆடியில் ஒரு நாள் வெள்ளிமலைக்குத் தொலைபேசினேன். கல்வராயன் மலையில் ஆசிரியப் பணியாற்றி ஓய்வுபெற்ற என் நண்பரின் மகன் பேசினான்.

"மாமா, அப்பா போய் 15 நாள் ஆகிறதே! முகநூலில் போட்டிருந்தேன். நீங்களும் கைகூப்பியிருந்தீர்களே?"

தேடிப் பார்த்தேன். மேலே ஒரு வெண்ணெய்க்காப்பு, கீழே ஒரு தேர், நடுவே மாலை சாத்திய என் நண்பர். மாலையைக் கண்டதுமே கண் அதைக் கோயில் படம் என்று முடிவு செய்திருக்கிறது. அடியிலிருந்த எழுத்தை நான் படிக்கவேயில்லை. மூன்றுக்கும் ஒரே கும்பிடு!

மறுநாளே கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்பட்டேன். கோமுகி அணை தாண்டி மலை வளைவுகளில் ஏறுகையில் அலைபேசியில் தொடர்பு அறுந்தது. நண்பரின் துணைவியார் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "கைகூப்பிவிட்டீர்கள், புறப்பட்டிருப்பீர்கள் என்று எண்ணி எடுப்பதைச் சற்று நிறுத்தி வைத்தோம், அண்ணா" என்று மட்டும் சொன்னார்.

முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தை நாமே கேட்டுப் பெற வேண்டும். முடிவின்றித் தானே உருண்டு வரும் ஏற்பாட்டை 2006-இல் வகுத்தவர் ஏசா ராஸ்கின் என்னும் அமெரிக்கர். பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். ஆயினும் அன்று தள்ளிய விரல் என்னுடையது.

திரும்பும் வழியில் கோவலூர் சென்றேன். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே இருந்த இடைகழியில், மழையிரவில் முதலாழ்வார் மூவரும் ஒதுங்கிய தலம். விளக்கில்லை, கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. எனினும் நான்காமவர் ஒருவர் நெருக்குவதை அவர்கள் உணர்ந்தார்கள்.

இங்கே எம்பெருமானுக்கு வலக்கையில் சங்கு, இடக்கையில் சக்கரம். பல முறை சேவித்தும் நான் அறியாத அம்மாற்றத்தை முதன்முதலில் சுட்டிக் காட்டியவர் அந்த நண்பர்தான். 40 ஆண்டுகள் என் வலப்பக்கமே நின்று சேவித்தவர்.

தீபாராதனை தொடங்கியது. அவர் நிற்கும் இடத்தில் யாரோ ஒரு முதியவர் வந்து நெருக்கினார். சற்றே நகர்ந்து இடம் கொடுத்தேன்.