பெருநோயும் ஓர் ஏழை உயிரும்

செங்கல்பட்டை அடுத்த திருமணியைக் கடக்கும்போதெல்லாம் பெரியப்பாவின் அலுமினியத் தட்டு நினைவில் எழுகிறது. மத்திய அரசு 1955இல் ஏற்றுக்கொண்ட தொழுநோய் நிறுவனம் அங்கேதான் உள்ளது. எண்பதுகளின் இறுதியில் அங்கே மருந்து வாங்கிக் குணமானவர் அவர். மாமல்லபுரத்தில் கல் கொத்துபவர். சுத்தியல் தவறி விரலில் விழுந்தும் வலிக்காதபோதுதான் நோய் தெரியவந்தது. குணமான பின்னும் அவருடைய தட்டும் குவளையும் கொல்லைப்புற மாடத்தில் தனியாகவே இருந்தன.

எங்கள் ஊரில் அதைப் பெருநோய் என்பார்கள். அண்மையில் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும் நண்பர் சொன்னவற்றைக் கேட்டபின் அந்தப் பெயரின் முரண் என்னை விடவில்லை. இத்தனை பெரிய அச்சத்தை உண்டாக்கிய உயிர், பாக்டீரியாக்களுக்குள் பரம ஏழை. 2001இல் அதன் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தார்கள். அதன் உறவான காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். இதற்கு வேலை செய்பவை 1,600 மட்டுமே. சிதைந்து கிடப்பவை 1,100க்கும் மேல், பாழடைந்த வீட்டில் சாமான்கள் கிடப்பதுபோல.

உயிர் ஆற்றல் பெறும் விதத்தை விளக்க நண்பர் ஏதோ படம் வரைந்தார். மதுராந்தகம் ஏரியை அறிந்த எனக்கு அது வேறுவிதமாகப் புரிந்தது. சுவாச நொதிகள் உணவிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்துக் கைமாற்றிக்கொண்டே, புரோட்டான்களைச் செல் சவ்வுக்கு வெளியே தள்ளுகின்றன. ஏற்றம் இறைப்பதுதான் அது. அப்படி நிரம்பிய ஏரி மதகு வழியே திரும்பப் பாயும்போது ஒரு சக்கரம் சுழல்கிறது; ஏடிபி என்னும் ஆற்றல் நாணயம் வார்க்கப்படுகிறது. அந்தச் சக்கரமும் ஒரு நொதியே.

தொழுநோய்க் கிருமியிடம் முதல் பெரிய ஏற்றத்தின் மரபணுக்கள் அநேகமாக அழிந்துவிட்டன. எலெக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் சேர்க்கக் காசநோய்க் கிருமிக்கு இரண்டு பாதைகள் உண்டு, இதற்கு ஒன்றுதான். ஆகவே நரம்பின் உறைச் செல்லுக்குள் புகுந்து, அந்த வீட்டுச் சமையலறையை நம்பிப் பிழைக்கிறது. இரண்டாகப் பிரிய ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. ஹான்சன் 1873இல் கண்டறிந்தது முதல் இன்றுவரை எந்தச் செயற்கை ஊடகத்திலும் அதை வளர்க்க இயலவில்லை.

மருந்துகளும் இந்த ஏழ்மையையே குறிவைக்கின்றன. 2012இல் காசநோய்க்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெடாகுயிலின் மதகின் சக்கரத்தையே பிடித்து நிறுத்துகிறது. பிரேசிலில் தொழுநோயாளர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவுகள் 2024இல் வெளியாயின. நான்கு வாரங்களுக்குப் பின் அவர்களிடமிருந்து எடுத்த கிருமி எலியின் பாதத்தில் வளரவில்லை.

பெரியப்பா உண்டவை பழைய மூன்று: டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின். மூன்றாவது மருந்து சுவாச நொதி ஒன்றிடமிருந்து எலெக்ட்ரான்களைத் திருடி, அவற்றால் நச்சு ஆக்சிஜனை உண்டாக்கிக் கிருமியைக் கொல்கிறது என்று கருதுகிறார்கள். அது தோலையும் கருக்க வைக்கும். பெரியப்பாவின் முகமும் கைகளும் கருத்தன. நோய் முற்றிவிட்டது என்றே தெருவும் எங்கள் வீடும் முடிவு செய்தன. அந்தக் கருமை மருந்தின் நிறம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ரிஃபாம்பிசின் தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றாது என்பதும் தெரியாது. அவர் சொல்லியிருக்கலாம். சொன்னாரோ, நாங்கள்தான் கேட்கவில்லையோ.

எனக்குப் பத்து வயதிருக்கும். கோடை விடுமுறையில் பட்டறைக்குப் போயிருந்தேன். உளி பிடிக்க விரல்கள் இடம் கொடாததால் அவர் சிலைகளுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துபோய்ச் சொம்பில் நீர்மோர் கொண்டுவந்தார்.

"குடிப்பா, வெயில்ல வந்திருக்க."

"தாகமில்ல பெரியப்பா."

கடற்கரை மணலில் நடந்து வந்தவன் நான், நாக்கு வறண்டிருந்தது. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தானே அண்ணாந்து குடித்துவிட்டு, சொம்பைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார்.