நாரும் விரலும்

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பது நம் பழமொழி. நாருக்கெனத் தனிப்பெருமை ஒன்றுமில்லை என்பதுபோல் அது ஒலிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அன்னை பூத்தொடுக்க வாழை நாரைக் கிழிப்பதைக் கண்டு வளர்ந்தவன் நான். அந்நார் சேலையும் ஆகும் என்பதை, தமிழகம் விட்டு இங்கு நெசவியல் பயில வந்தபின்பே அறிந்தேன். சென்னையை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர் அதை நெய்து காட்டியிருக்கின்றனர். பிலிப்பைன்சு நாட்டில் அன்னாசி இலை நாரால் மெல்லிய துணி நெய்கின்றனர். அங்குள்ள அக்லான் மக்களின் அக்கலையை 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வாழையின் அடிமரம் என நாம் காண்பது இலைமட்டைகளின் அடுக்கே. ஒரு குலை ஈன்றதும் அதை வெட்டி வீழ்த்துகிறோம். அம்மட்டையைச் சுரண்டிச் சதையை நீக்கி, அலசி உலர்த்தினால் நார் கிடைக்கும். அது பருத்தியினும் விறைப்பானது; பஞ்சைப்போல் எளிதில் நூற்க இயலாது. இழையோடு இழையைக் கையால் முடிந்து நீட்ட வேண்டும். பிறகு, பருத்திப் பாவிலோ பட்டுப் பாவிலோ ஊடையாக நெய்யலாம்.

நண்பர்களே, நாட்டில் நாருக்குப் பஞ்சமில்லை. முடிச்சிடும் விரல்களுக்குத்தான் பஞ்சம் வரும். எறியும் பொருள்தானே என்று கூலியையும் குறைத்தால், அவ்விரல்கள் வேறு பிழைப்புத் தேடிச் செல்லாவோ? இயற்கை ஆடை என்று விலையை உயர்த்துவோர், முடிச்சிட்டவருக்கு என்ன கொடுத்தனர்? பட்டத்தோடு இக்கேள்வியையும் ஊருக்கு எடுத்துச் செல்லவே விரும்புகிறேன். நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அமரப்போகும் நாம், நாரின் விலையைக் கணக்கிடுமுன் விரலின் விலையைக் கணக்கிடுவோமாக!