பெட்டிக்குள் கிடந்த உழைப்பு

கூட்டாகச் செய்த உழைப்பு ஒரே பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்குமாயின், அது உழைத்தவர்க்கும் உதவாது, ஊரவர்க்கும் உதவாது. எமது பாடசாலை உயர்தர வகுப்பு மாணவர்கள் நூலக இரவற் பதிவுக்கென ஒரு கணினி நிரலை எழுதினர். இரண்டு தவணைக்கால உழைப்பு அது. அவ்வளவும் ஆய்வுகூடத்துக் கணினி ஒன்றிலே, ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘மெய்யான இறுதி’ என்னும் பெயர்களோடு கிடந்தது. ஒருவர் திருத்தியதை இன்னொருவர் அறியாமலே அழித்தார். எவர் எதைச் செய்தார் என்பதற்குச் சான்றில்லை.

தமிழ் கற்ற எமக்கு இந்நிலை புதியதன்று. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் சிதைந்த ஏடுகளோடு போராடினர். ஒரு பாடபேதம் எவர் கையால், எக்காரணத்தால் நுழைந்தது என்று ஏடு சொல்வதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது கிடைத்தற்கரிய சுவடிகள் சாம்பராயின. ஒற்றைப் படிக்கு நேரும் கதியை எம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விரு இடர்களுக்கும் கணினித் துறையார் கண்ட மருந்துகளுள் ஒன்று ‘கிற்’. லினக்ஸ் கருவை ஆக்குவோர் அதற்கு முன் பயன்படுத்திய கருவி ஒரு தனியார் நிறுவனத்தின் உடைமை. 2005இல் அந்நிறுவனம் இலவச அனுமதியை மீட்டுக்கொண்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் லினஸ் ரோர்வால்ட்ஸ் கிற்றை எழுதத் தொடங்கினார். இதிலே ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் பெயர், நாள், காரணக் குறிப்பு ஆகியவற்றோடு ஒரு ‘கொமிற்’றாகப் பதிவாகின்றது. முழுப்படி எடுப்பவர் நிரலை மட்டுமன்றி அதன் வரலாற்றையும் பெறுகின்றார்.

இணையத்தில் வெளியிடுமுன் மாணவரிடையே சில வினாக்கள் எழுந்தன. இரவல் பெற்றோரின் பெயர்ப் பட்டியல் வெளியே செல்லலாமா? ஒரு கோப்பைப் பின்னர் நீக்கினும் பழைய பதிவிலே அது நிலைத்திருக்கும். ஆதலின், முதற் கொமிற்றுக்கு முன்னரே பட்டியலையும் கடவுச்சொல்லையும் விலக்கி வைத்தனர்.

“எங்கள் உழைப்பை எவராவது எடுத்து விற்றால் என்ன செய்வது, சேர்?” என்றான் ஒருவன். உரிமமின்றி வெளியிட்டால் பிறர் பார்க்கலாம். எடுத்தாளும் உரிமை பெறார். றிச்சர்ட் ஸ்ரோல்மன் 1989இல் வெளியிட்ட ஜிபிஎல் உரிமம் வேறு வழி காட்டுகின்றது. விற்பதை அது தடுப்பதில்லை. ஆயின் வாங்கியவரிடமிருந்து மூல நிரலை மறைக்க இடந்தராது. தான் பெற்ற சுதந்திரத்தை அடுத்தவர்க்கும் அளித்தே ஆகவேண்டும். நெடுநேர விவாதத்தின்பின் மாணவர் அதனையே தேர்ந்தனர்.

அவர்கள் நிரலை வைத்த கிற்ஹப் என்னும் களஞ்சியம் 2018 முதல் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் சொத்து. பொதுச் செல்வம் தனியார் கூரையின்கீழ் இருப்பதை நாம் மறத்தலாகாது. எனினும், நிரலின் முழு வரலாறும் ஐந்து மாணவரின் கணினிகளிலும் உள்ளது. அக்கதவு அடைபட்டால் வேறிடத்தில் மறுநாளே திறக்கலாம்.

நண்பர்களே! உங்கள் பாடசாலைகளிலும் இத்தகைய ஆக்கங்கள் பெட்டிக்குள் கிடக்கக்கூடும். அவற்றை வெளியே கொணருங்கள். அண்மையில் அயற் பாடசாலை மாணவி ஒருத்தி எமது நிரலிலிருந்த எழுத்துப் பிழையொன்றைத் திருத்தி அனுப்பினாள். ஒரேயொரு எழுத்துத்தான், ஆயினும் அவள் பெயர் அவ்வரலாற்றில் ஏறிவிட்டது.