திடலின் மறுபாதி

பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களில் கோயிலும் கள்ளுக்கடையும் திடலும் பெரும்பாலும் அருகருகே அமைந்திருந்தன. கோயில் எல்லார்க்கும் உரியதாயிற்று. மற்ற இரண்டும் ஆடவர்க்கே உரியனவாயின. விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால்மரம் சீவி, வாளி சுமந்து வீடு திரும்பிய பெண், திடலின் ஓரமாக நடந்தாளேயன்றி அதன் நடுவே ஓடியதில்லை. ஓடும் வலிமை அவளுக்கு இல்லை என்று எவரேனும் கூறின், மேட்டிலும் பள்ளத்திலும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிவந்த அவள் கால்களை அவர் அறியார் என்றே கொள்ளல் வேண்டும்.

பெண்ணைத் திடலுக்கு வெளியே நிறுத்திய குறை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. காற்பந்தின் தாயகமாகிய இங்கிலாந்தில், 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், லிவர்பூல் நகரில் நடந்த மகளிர் ஆட்டமொன்றைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம், உறுப்பினர் கழகங்களின் திடல்களில் பெண்கள் ஆடலாகாது என்று தடை விதித்தது. தடை நீங்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1972இல் இங்கிலாந்து மகளிர் அணி தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தை ஆடி ஸ்காட்லாந்தை 3-2 எனக் கோல் கணக்கில் வென்றது. ஐரோப்பிய வாகையர் பட்டம் கைக்கு வந்ததோ 2022இல்தான். 2023இல் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் தோற்றாலும், 2025இல் ஐரோப்பியப் பட்டத்தை மீண்டும் வென்றது. பறிபோன ஆண்டுகளை மீட்க எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நம் நாட்டின் கதை வேறு வகையது. 1975இல் ஹாங்காங்கில் ஆறு அணிகள் ஆடிய முதல் ஆசிய மகளிர் போட்டியில் மலேசியா நான்காம் இடம் பெற்றது. 1983இல் பேங்காக்கில் தாய்லாந்து முதலிடமும் இந்தியா இரண்டாம் இடமும் மலேசியா மூன்றாம் இடமும் பெற்றன. 1995இல் சியாங் மாயில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் நம் மகளிர் வெள்ளிப் பதக்கம் வென்றனர். ஆயினும் உலகக் கிண்ணத் திடலை மலேசிய மகளிர் அணி இன்றுவரை மிதித்ததில்லை. தாய்லாந்தோ 2015இலும் 2019இலும் அங்கே சென்றது. வியட்நாமும் பிலிப்பைன்சும் 2023இல் சென்றன.

2019இல் தாய்லாந்து அமெரிக்காவிடம் 13-0 எனத் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் சுவீடனிடமும் 5-1 எனத் தோற்றது. ஆனால், தோல்வி உறுதியான பின்னர்க் கடைசி நிமிடங்களில் அடித்த அந்த ஒரு கோலுக்காக, அணியின் மேலாளர் ஆனந்தக் கண்ணீர் வடித்தார். தோல்விக்குப் பின்னும் ஆட்டத்தை விடாத நாடே நாளை வெல்லும் நாடு. திறமை எங்கும் பிறக்கும். தொடர்ச்சியை மனிதர்தாம் பேண வேண்டும்.

தமிழகம் இதனை உணர்த்துகிறது. அதன் மகளிர் அணி 2018இல் மணிப்பூரை வென்று தேசிய வாகை சூடியது. 2023இல் ஹரியானாவை வென்று மீண்டும் சூடியது. கடலூர் மங்கை இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடிப் புகழ் பெற்றார். இந்திய மகளிர் 2025இல் சியாங் மாயிலேயே தாய்லாந்தை 2-1 என வென்று, ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றனர். 1983இல் வென்றவரை வெல்ல 42 ஆண்டுகள் பொறுத்திருந்தனர் போலும்!

தஞ்சோங் ரம்புத்தான் போன்ற சிற்றூர்களைச் சூழ்ந்த தோட்டங்கள் பல இன்று துண்டாடப்பட்டுவிட்டன. திடல்கள் சிலவற்றில் செம்பனை நிற்கிறது. சிலவற்றில் வீடுகள் நிற்கின்றன. எஞ்சிய திடல்களுள் தமிழ்ப்பள்ளித் திடலும் ஒன்று. குறைந்த மாணவர் பள்ளியில் பதினொருவர் சேர்வது அரிதாகலாம். எழுவர் ஆடும் ஆட்டத்துக்கு ஆள் கிடைக்காமற் போகாது. வாரத்தில் இரு மாலை, ஒரு பந்து, பொறுப்புள்ள ஓர் ஆசிரியை, மகளை அனுப்ப இசையும் பெற்றோர் ஆகிய இவை போதும், தொடங்குவதற்கு.

தேசிய அணியின் வெற்றிப் பட்டியல் தலைநகரில் எழுதப்படுவதாக நாம் எண்ணுகிறோம். அதன் முதல் வரி, பத்து வயதுச் சிறுமி ஒருத்தியிடம் "நீயும் ஆடு" என்று ஓர் ஆசிரியர் பந்தை நீட்டும் மாலையில் எழுதப்படுகிறது.