மீன்தொட்டியில் படர்ந்த செம்படலம்

கடல்மீன் தொட்டி வைத்திருப்போர் ஒருவரையொருவர் சந்திக்கும்போது தவறாது வெளிவரும் முறைப்பாடு ஒன்று உண்டு. தொட்டி அமைத்துச் சில மாதங்கள் கழிந்திருக்கும். வெண்மணலின் மீது கருஞ்சிவப்பு நிறத்தில் வழுவழுப்பான படலம் ஒன்று படரத் தொடங்கும். பிடித்து இழுத்தால் ஈரத்துணி போல உரிந்து வரும். பகலில் அதன்மேல் முத்துமுத்தாகக் காற்றுக் குமிழிகள் நிற்கும். இரவில் மெலிந்து போனது போலத் தோன்றி, மறுநாள் மதியத்துக்குள் மீண்டும் பரந்துவிடும். எமது வீட்டில் உள்ள 200 லீற்றர் தொட்டியிலும், இரண்டு கோமாளி மீன்களும் சில பவளங்களும் வாழும் இடத்தில், இது வந்து சேர்ந்தது.

இதனைப் பலரும் பாசி என்றே அழைக்கின்றனர். ஊரில் நாம் படித்த பாடநூல்களிலும் நீலப்பச்சை அல்கா என்ற பெயரே இருந்தது. உண்மையில் இது சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் ஒருவகைப் பற்றீரியா. சயனோபற்றீரியா என்பது அதன் இன்றைய பெயர். பைக்கோஎரித்திரின் என்னும் நிறப்பொருள் மிகுந்த இனங்கள் சிவப்பாகத் தோன்றுகின்றன. உலகின் மிகப் பழைய உயிர்களுள் இவையும் அடங்கும். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பூமியின் வளிமண்டலத்தில் ஒட்சிசன் சேரத் தொடங்கியமைக்கு இவற்றின் முன்னோர்களே காரணம். பாறையோடும் மணலோடும் மீனோடும் எவருக்கும் தெரியாமல் இவை எந்தத் தொட்டிக்குள்ளும் வந்துவிடும். அடியோடு ஒழித்துவிட எண்ணுவது நடவாத காரியம். அவை ஏன் இவ்வளவு பெருகின என்று கேட்பதே பயன் தரும்.

மீன் உண்ணாது விட்ட உணவும் அதன் கழிவும் நீரில் அழுகி அமோனியாவாகின்றன. பாறையில் வாழும் நல்ல பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. உணவில் இருந்த பொசுபேற்றும் நீரிலேயே தங்கிவிடுகிறது. நீரோட்டம் குன்றிய இடத்தில் இந்த மிச்சங்கள் படியும்போது செம்படலம் அங்கே வேர்கொள்ளும். நைத்திரேற்றை மட்டும் இல்லாமற் செய்தால் இது ஒழியும் என எண்ணுவோரும் உளர். ஆனால் சயனோபற்றீரியாக்களிற் பல, காற்றிலிருந்து வந்து நீரிற் கரைந்த நைதரசனைத் தாமே பிடித்து உணவாக்க வல்லவை. இந்திய நெல்வயல்களுக்கு இவை நைதரசனைச் சேர்க்கின்றன என்பதை பி. கே. டே என்னும் அறிஞர் 1939இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். வயலுக்கு உரமாகும் அதே ஆற்றல் தொட்டியில் தொல்லையாகிறது. நைத்திரேற்று அற்று, பொசுபேற்று மட்டும் எஞ்சியுள்ள நீரில் ஏனைய அல்காக்கள் வாட, இது மட்டும் தழைக்கும்.

மீன் விற்கும் கடையில் நாம் கேட்டபோது, எரித்திரோமைசின் கலந்த தூள் ஒன்றை எடுத்து நீட்டினார்கள். பற்றீரியா என்பதால் நுண்ணுயிர்க்கொல்லி அதனைக் கொல்லும் என்பது உண்மையே. ஓரிரு நாட்களில் மணல் வெளுத்துவிடும். ஆயினும் இறந்த படலம் அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் மூச்சுக்குத் தவிக்கலாம். அமோனியாவை மாற்றும் நல்ல பற்றீரியாக்களுக்கும் கேடு நேரலாம். அழுகியதில் இருந்த பொசுபேற்று மீண்டும் நீருக்கே திரும்பும். காரணம் அப்படியே இருக்க, படலம் மறுபடி வரும். ஆகவே அந்தத் தூளை நாம் வாங்கவில்லை.

எமது தொட்டியில் உணவு மிகுந்தமைக்குக் காரணம் அம்மாவின் கைதான். பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்றபின், மாலைவரை அவரோடு வீட்டில் இருப்பவை அந்த இரு மீன்களே. பனிக்காலத்தில் அவர் வெளியே செல்வதும் இல்லை. அவர் அருகே போனால் மீன்கள் கண்ணாடியை நோக்கி விரைந்து வரும். வந்து நிற்கும் உயிருக்கு ஒன்றும் கொடாமல் திரும்புவது அவர் வளர்ந்த வழக்கில் இல்லை. “வாயில்லாச் சீவன், பசிக்குதெண்டு எப்பிடிச் சொல்லும்?” என்பார். நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை உணவு விழுந்தது.

உணவுப் பேணியை எட்டாத தட்டில் ஒளித்துவைக்கலாம் என்றான் மூத்த மகன். எமக்கு அது சரியாகப் படவில்லை. நாடு விட்டு வந்த முதியவருக்கு எஞ்சியிருந்த ஒரே பொறுப்பையும் பறித்துத்தான் தொட்டியைக் காப்பாற்ற வேண்டுமா? ஆகவே காலை தோறும் அன்றைய உணவை இரு பங்காக அளந்து ஒரு சிமிழில் வைத்தோம். அதைக் கொடுப்பது அம்மாவின் பொறுப்பு, வேறெவரும் கொடுப்பதில்லை. உறைந்த இறாலைத் தேநீர் வடியில் இட்டுக் கழுவும் வேலையையும் அவரே ஏற்றுக்கொண்டார். உருகி வழியும் நீரிலும் பொசுபேற்று உண்டு என விளக்கியபோது, “அரிசி கழுவிறமாதிரித்தானே” என்றார்.

படலம் எப்போதும் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டு சொன்னவரும் அவரே. பகல் முழுதும் பார்த்திருந்தவர் ஆயிற்றே. “பின்மூலையில தண்ணி ஓடேல்லை” என்றார். விசைக்குழாயின் வாயை அப்பக்கம் திருப்பினோம். சனிக்கிழமை தோறும் மெல்லிய குழாயால் படலத்தை உறிஞ்சி எடுத்து, அவ்வாறு வெளியேறும் 20 லீற்றருக்கு ஈடாக, மென்சவ்வு வழியாக வடிகட்டிய தூயநீரில் உப்புக் கலந்து ஊற்றினோம். விளக்கெரியும் நேரத்தைப் பத்து மணியிலிருந்து எட்டாகக் குறைத்தோம். மூன்று நாள் விளக்கணைத்து வைக்கும் முறையும் உண்டு. அதுவும் காரணத்தைத் தீர்க்காவிடில் தற்காலிகமானதே.

முதல் இரு வாரங்களில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஐந்தாம் வாரத்தில் படலம் மெலிந்தது. பத்தாம் வாரத்தில் மணல் வெளுத்தது. மீன்களும் பவளங்களும் நலமே.

உங்கள் வீட்டுத் தொட்டியிலும் செம்படலம் கண்டால் பதற வேண்டாம். மருந்து தேடும் முன்னர் உணவின் அளவையும், நீரோட்டம் இல்லாத மூலையையும், ஊற்றும் நீரின் தூய்மையையும் பாருங்கள். மூன்றையும் சீர்செய்து இரண்டு மாதம் பொறுத்திருங்கள். வீட்டில் முதியவர் இருந்தால், தொட்டியைப் பற்றி அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.