துண்டு எடுக்கச் சம்மதிக்காதே

அன்புள்ள செல்விக்கு,

அண்ணன் எழுதுவது. நீ அனுப்பிய உன் மகனின் சிடி ஸ்கேனை நிதானமாகப் பார்த்தேன். வலது கன்னத்துக்குள் இருக்கும் காற்றறையின் பின்சுவர் முன்பக்கமாக வில்லாய் வளைந்திருக்கிறது. 14 வயதுப் பையன், ஒரு பக்க மூக்கடைப்பு, அடிக்கடி சில்லுமூக்கு உடைவது, கூடவே இந்த வளைவு. ஆஞ்சியோஃபைப்ரோமாவாகத்தான் இருக்கும். அபூர்வமான கட்டி, வளரும் ஆண்பிள்ளைகளுக்கே வருவது. புற்றுநோய் இல்லை. இதை மாப்பிள்ளையிடமும் அம்மாவிடமும் அழுத்திச் சொல்.

அங்கே ஒரு துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம் என்றார்களாமே, சம்மதிக்காதே. இந்தக் கட்டி முழுக்க ரத்தக்குழாய்கள். சாதாரணக் குழாயின் சுவரில் தசை இருப்பதால் அறுபட்டதும் சுருங்கிக்கொள்ளும். இதிலுள்ள குழாய்கள் பலவற்றில் அந்தத் தசையே கிடையாது. லேசாகக் கிள்ளினாலும் ரத்தம் கொட்டும். எம்ஆர்ஐ எடுங்கள், கண் பக்கமோ மூளைப் பக்கமோ பரவியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஆபரேஷன்தான் வைத்தியம். நான் படித்த காலத்தில் மூக்கோரமாக முகத்தைக் கீறித் திறப்பார்கள். இப்போது பெரும்பாலும் மூக்குத் துவாரம் வழியாகவே எண்டோஸ்கோப் விட்டு எடுத்துவிடுகிறார்கள், முகத்தில் தழும்பு விழாது. அதற்கு ஓரிரு நாள் முன்பு, தொடை இடுக்கிலிருந்து மெல்லிய குழாயை ஏற்றி, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை அடைப்பார்கள். எம்போலைசேஷன் என்று பெயர். என்னைக் கேட்டால் பாதி ஆபரேஷன் அதுதான்.

எங்கள் ஊரில் அந்த வசதி இல்லை. இருந்தாலும் சொந்த மருமகன் மூக்கில் நான் கை வைக்க மாட்டேன். வேலூர் சிஎம்சிக்குப் போவோம், நானும் கூட வருகிறேன். கட்டி முளைத்த இடத்து எலும்பையும் குடைந்து சுத்தம் செய்வார்களா என்று சர்ஜனிடம் நானே கேட்கிறேன். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம்தான் பின்னால் திரும்ப வளர்கிறது. அதனால் ஆபரேஷன் முடிந்தபிறகும் சில வருடம் ஸ்கேனுக்குப் போய்வர வேண்டும். அலுத்துக்கொள்ளாதே.

அதுவரை தலைவலி, காய்ச்சல் என்று ஆஸ்பிரினோ புரூஃபனோ கொடுத்துவிடாதே. ரத்தம் வந்தால் அண்ணாந்து படுக்க விடாதே, தொண்டைக்குள் இறங்கும். முன்னால் குனிந்து உட்காரவைத்து, மூக்கின் மென்மையான பாகத்தை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடி. நிற்கவில்லையென்றால் எனக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு நிற்காதே, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு.

உன் அண்ணன்